மூன்றாம் கேள்விக்குக் கீழே ஏழு பெயர்கள்

கடையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்களாம். மாதிரிக்கு வைத்துப் படிப்பிக்க என்னுடைய பழைய கோப்பு ஒன்றை எடுத்திருக்கிறார்களாம். அலமாரியில் இருக்கிறவற்றுள் மிகச் சுத்தமான கோப்பு அதுதான், அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவீர்களா என்று புது மனேஜர் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். டேனிஷில், இரண்டே பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்குள் வராததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பிரெடெரிசியாவில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில், படகுச் சாமான் விற்கும் கடை அது. கயிறு, நங்கூரம், மிதவைச் சட்டை, பெயின்ட். கடையின் பின்பக்கம் இரும்புக் கதவு போட்ட சின்ன அறை. அதற்குள், கடலில் ஆபத்தென்றால் வானத்தை நோக்கிச் சுடும் சிக்னல் பிஸ்டல்களும், அவற்றுக்கான வெளிச்சத் தோட்டாக்களும், புகைத் தோட்டாக்களும். அந்த அறைக்கு இருபத்திரண்டு வருடம் நான் பொறுப்பு. வலது காது போய், வயது ஐம்பத்தாறிலேயே ஓய்வூதியத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டால் இடப்பக்கம் மட்டும் திரும்புகிற மனிதன்.

என்னைப் பழக்கியவர் ஸ்வென். ஒல்லி, வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரே அளவில் சீவிய பென்சில். என் பெயரைச் சரியாகச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் காலை வாசலில் நின்று, 'கணேசமூர்த்தி' என்று ஒரு எழுத்தும் விழாமல் சொன்னார். பிறகு, 'இனி மூர்த்தி என்று கூப்பிடலாமா?' என்று அனுமதி கேட்டார். அனுமதி இல்லாமல் அவர் எதையும் தொடமாட்டார், ஒரு பெயரின் பாதியைக்கூட.

பயிற்சி என்று ஆறு மாதம். அதைச் சொல்லி முடிக்க ஆறு வரி போதும். குழலைத் திறந்து வெறுமை பார். உனக்குத் தெரிந்திருந்தாலும் பார். பக்கத்தில் நிற்பவனுக்கும் காட்டு. காற்றைப் பார். வெடிக்காத தோட்டாவிடம் அவசரப்படாதே. சிவப்பு வெளிச்சம் விளையாட்டுக்கு இல்லை. அது மூழ்கிக்கொண்டிருக்கிறவனுடைய நிறம். இவை எல்லாவற்றுக்கும் பிறகு, விரல் விசைக்குப் போகும் முன், நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார். பார்த்ததைத் தாளில் குறி. நேரம் போடு. கையெழுத்து வை.

விற்பதற்கு மூன்று கேள்விகள். யார் நீ? எங்கே சுடப்போகிறாய்? யாருக்குச் சொல்லியாயிற்று? முதல் கேள்விக்குப் பொலிஸ் அனுமதி. இரண்டாவதுக்கு வரைபடம். மூன்றாவதுக்குப் பெயர்ப் பட்டியல். கடல் மீட்பு, தீயணைப்பு, அயல் வீடுகள். ஒன்று குறைந்தாலும் ஸ்வென் 'இல்லை' என்று சொல்லமாட்டார். பென்சிலைப் பதிவேட்டின் மேல் குறுக்கே வைப்பார். அவ்வளவுதான். அந்தப் பென்சிலைத் தாண்டி யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை அவருடைய முப்பது வருடக் கூட்டாளி, ஒரே பாய்மரக் கழகம், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர், அனுமதி முடிந்து இரண்டு நாள் ஆன கடிதத்தோடு வந்தார். ஸ்வென் அவருக்குக் கோப்பி ஊற்றினார். குசலம் விசாரித்தார். பிறகு பென்சிலைக் குறுக்கே வைத்தார். கூட்டாளி கோப்பியைக் குடித்து முடித்து, வெறுங்கையோடு போனார். எனக்கு ஊரில் அப்படி ஒருவரும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த முகத்துக்குத் திறக்கிற கதவுகளும், தெரியாத முகத்தில் அறைகிற கதவுகளும்தான் தெரியும். இந்த மனிதருக்குப் பின்னால் போகலாம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். போனேன். கேள்வி கேட்காமல் போனதுதான் பிழை.

விற்கிறவன் சொந்தமாக ஒன்று வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவனின் பயம் தெரியாது என்பது ஸ்வென்னின் கொள்கை. என் பெயரில் அனுமதி எடுத்தேன். பிஸ்டல் வாங்கினேன். அதைக் கடையின் இரும்புப் பெட்டியிலேயே பூட்டி வைத்தேன். கடிதங்கள் எல்லாம் டிஜிட்டல் தபாலில் வந்தபடியால் வீட்டில் ஒரு தாளும் இல்லை. வீட்டில் ஒரு தாளும் இருக்கக்கூடாது என்பதுதான் என் கவலையும்.

ஏனென்றால் நான் கயிறு விற்கிறேன் என்று தவத்திடம் சொல்லியிருந்தேன்.

தவம் என் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை. எங்களுக்குக் கலியாணம் ஆன புதிதில் ஒரே ஒருமுறை அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். கடலோர உப்புநீர்க் களப்பைக் கடப்பதற்குக் கரையில் காத்திருந்திருக்கிறார்கள். ஆமிக்காரர் மேலே பரா லைட் அடித்தார்கள். எங்களுடைய வயதுக்காரருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சின்னப் பாரசூட்டில் தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கும் வெள்ளை வெளிச்சம். அது இறங்கும்வரை மண்ணில் உள்ள ஒவ்வொரு புல்லுக்கும் நிழல் இருக்கும். அசைகிறதைப் பார்த்துச் சுடுவார்கள். தவத்துக்கு அப்போது பத்தொன்பது. தம்பிக்குப் பதினொன்று. அவனைக் கீழே தள்ளி மேலே படுத்திருக்கிறாள். அவன் திமிறிக்கொண்டு எழும்பி ஓடினான். 'நான் இன்னும் கொஞ்சம் பாரமாப் படுத்திருக்க வேணும்' என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மனுசியிடம் போய், நான் பரா லைட் விற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

எனக்கும் உடம்பு மறக்கவில்லை. சுடுதிடலில் முதன்முதலாக வெள்ளைத் தோட்டா சுட்டபோது மேலே அது விரிந்த கணத்தில் என் முழங்கால் இரண்டும் தானாக மடிந்தன. ஸ்வென் பக்கத்தில் நின்று கவனித்தார். 'நல்ல நிலை, மூர்த்தி. பாரத்தைக் கீழே கொண்டுவருகிறாய்' என்றார். அன்றிலிருந்து புதிதாக வந்த எல்லாருக்கும், சுடும்போது முழங்காலை மடியுங்கள், மூர்த்தியைப் போல, என்று சொல்லிக்கொடுத்தார். எத்தனை டேனிஷ்காரர்கள் என் பயத்தை நிற்கும் முறையாகப் பழகிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை. பாராட்டு அல்லவா.

கடைக்குள் என்னைக் கண்டுபிடித்தவன் ரவி. அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்த நாளிலிருந்து பழக்கம்; இப்போது கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. தூண்டில் நூல் வாங்க வந்தவன் இரும்புக் கதவு திறந்திருந்ததைப் பார்த்துவிட்டான்.

"அண்ணை, இதென்ன, அக்காவுக்குக் கயிறெண்டு சொல்லிப்போட்டு இஞ்சை ஆமிக்காம்ப் நடத்திறியள்?"

"மெல்லக் கதையடா. தவத்துக்குச் சொல்லிப்போடாதை."

"நான் ஏன் சொல்லுறன்? உங்கடை கயிறு, உங்கடை கழுத்து."

சிரித்துக்கொண்டு போனான். இரண்டு வருடம் கழித்துத் தன் மகள் லயா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்குப் பேச்சோடு வந்தான்.

"ஓல்போர்க்கிலை ஒருத்தர் பிள்ளையைக் குதிரை வண்டியிலை கொண்டந்தவர், அண்ணை. மற்றவர் புறா விட்டவர். நான் என்னத்தை விட? மீனையோ? நீங்கள் ஒரு கலர்ப் புகையும், மேலை ஒரு வெள்ளை வெளிச்சமும் போட்டுத் தந்தால் காணும். வீடியோவிலை நிண்டு கதைக்கும்."

"புகை சரி. வெளிச்சம் வேண்டாம்."

"ஏன், சட்டம் விடாதோ?"

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வருகிற சனம் யார் என்று யோசித்துப் பார், என்று. ஆனால் பக்கத்தில் ஸ்வென் நின்றார். என்ன கேட்கிறார் என்று விசாரித்தார். மொழிபெயர்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. இருபது வருடத்தில் யாரும் ஒரு கொண்டாட்டத்துக்கு முழு வரிசையையும் சட்டப்படி செய்து பார்க்கவில்லை. எல்லாரும் களவாகச் சுட்டுவிட்டுத் தண்டம் கட்டுகிறவர்கள். 'நாம் இதைச் சரியாகச் செய்து காட்டலாம், மூர்த்தி' என்றார். நாம் என்றார். அந்தச் சொல்லுக்கு நான் விழுந்தேன்.

ஆறு வாரம் வேலை செய்தேன். அனுமதி என் பெயரில் இருப்பதால் நானே சுட வேண்டும். வேறு கைக்கு மாறக்கூடாது. மண்டபத்துக்கு முன்னால் புல்தரை, புல்தரைக்கு அப்பால் கடல். வரைபடம் கீறினேன். சுடுகிற இடத்துக்குச் சிவப்புப் புள்ளி, காற்றுக்கு அம்புக்குறி. நாள், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. நேரம், பின்னேரம் நான்கு மணியிலிருந்து நான்கே கால் வரை. நவம்பரில் இங்கே நாலு மணிக்கே இருண்டுவிடும். மூன்றாவது கேள்விக்குக் கீழே ஏழு பெயர்கள். பொலிஸ், கடல் மீட்பு, தீயணைப்பு, துறைமுகம், மண்டபச் சொந்தக்காரர், இரண்டு அயல் வீடுகள். அயல் வீட்டுக் கிழவர் ஒருவருக்கு நாய் இருந்தது. வெளிச்சத்துக்கு நாய் பயப்படும் என்றார். நாயை அன்றைக்கு மகள் வீட்டில் விடச் சம்மதிக்க வைத்து, அதையும் குறித்தேன்.

நாய்க்குச் சொல்லியாயிற்று. வரப்போகிற இருநூறு தமிழருக்கு யாரும் சொல்லவில்லை. தாளில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை. தவத்துக்கும் இல்லை.

என் கணக்கு இதுதான். மூன்று மணிக்குப் பிள்ளை மண்டபத்துக்குள் போய்விடும். நாலு மணிக்குச் சனம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தவம் ஆரத்தித் தட்டுகளோடு மேடைக்குப் பின்னால் நிற்பாள். புல்தரையில், படம் எடுக்கத் திரும்பவும் வெளியே வரும் பிள்ளை, ரவி, அவன் மனைவி, வீடியோக்காரர், நான். ஐந்து நிமிட வேலை. நம்முடைய கொண்டாட்டம் ஒன்று சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்று நம்பி ஒரு தமிழன் கணக்குப் போட்டான் என்றால் அது நான்தான்.

பிள்ளைக்கு அலங்காரம் செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த பெண் வழியில் அகப்பட்டுக்கொண்டாள். மூன்று மணி, மூன்றரை ஆகி, நாலு ஆனது. உள்ளே இருந்த சனம் பிள்ளையைப் பார்க்கவென்று குளிருக்குள் வெளியே வந்து இரு பக்கமும் வரிசை கட்டியது. நான் காது மூடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் புள்ளியில் நின்றேன். ஸ்வென் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியும் கட்டி விருந்தாளியாக வந்திருந்தார். கையில் கடிகாரம்.

ரவி ஓடி வந்தான்.

"அண்ணை, கால் மணித்தியாலம் பொறுப்பமே?"

"நாலே காலோடை அனுமதி முடியுது."

"முடிஞ்சால் என்ன, ஆர் வந்து பாக்கிறது?"

"நான் பாப்பன்."

"அப்ப சரி, எல்லாரும் நிக்கேக்கையே அடியுங்கோ. பாக்கத்தானே வந்தவை."

ஸ்வென் அவசரப்படுத்தவில்லை. இதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். 'ஒன்பது நிமிடம் இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள்' என்றுதான் சொன்னார். தொலைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. ஆறு வாரம் எழுதிய தாள் கையில் இருந்தது.

வெறுமை பார்த்தேன். காட்டினேன். காற்றைப் பார்த்தேன். புகைத் தோட்டா முதலில். ரோசாப் பூ நிறத்தில் கடலின்மேல் விரிந்தது. சனம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். பிறகு வெள்ளை.

மேலே அது திறந்தது. கைதட்டல் நின்றது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் குனிந்தார்கள். கோட்டும் சூட்டும் போட்ட மனிதர்கள் தலைக்கு மேல் கை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் காருக்குக் கீழே போகப் பார்த்தார். சிலர் பாதியில் தங்களைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டு, சப்பாத்து நாடா கட்டுகிற மாதிரி நடித்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் நிமிர்ந்து நின்று தொலைபேசியில் படம் எடுத்தார்கள்.

பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய மாமி குளிர் தாங்காமல் காருக்குள் இருந்துவிட்டபடியால், அலங்காரம் முடிந்து அப்போதுதான் வந்திறங்கிய லயாவின் கையைப் பிடித்து வந்துகொண்டிருந்தவள் தவம். அவள் குனியவில்லை. பிள்ளையை ஈரப்புல்லில் தள்ளி அதன் மேல் விழுந்தாள். பட்டும் பூவும் நகையும் சேற்றுக்குள். தன் முழுப் பாரத்தையும் போட்டாள்.

"அசையாதை! தலையைக் குனி! எழும்பாதை, எழும்பாதை ராசா!"

லயா டேனிஷில் கத்தினாள். விடு, விடு, மூச்சு முட்டுது, பைத்தியமா உனக்கு என்று. ராசா என்று தன்னை ஏன் கூப்பிடுகிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் முழுதாக இறங்கிக் கடலில் அணையும்வரை தவம் விடவில்லை. அணைந்த பிறகும் விடவில்லை. ரவியும் மனைவியும் இருபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். எழும்பியவள் முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு அது எங்கிருந்து போனது என்று தேடினாள். கையில் பிஸ்டலோடு, முழங்காலை மடித்துக்கொண்டு நிற்கிற புருசனைக் கண்டாள்.

பொலிஸ் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தது. தாள்களைப் புரட்டினார்கள். இப்படி ஒரு ஒழுங்கைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். காயம்: இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்வென் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் ஏன் விழுந்தாள் என்று கேட்டார். வழுக்கிவிட்டது என்றேன்.

வீடியோ மூன்று நாளில் ஓல்போர்க் வரை போனது. யாரோ அதற்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். தவம் விழுகிற இடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கோயிலில் ஒருவர், பகிடி என்று நினைத்து, "அக்கா, அடுத்த முறை மெத்தை கொண்டாறம்" என்றார். தவமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை.

அடுத்த கிழமையே பிஸ்டலைப் பொலிஸில் ஒப்படைத்தேன். என்னைக் கயிற்றுப் பகுதிக்கு மாற்றும்படி கேட்டேன். ஸ்வென்னுக்கு விளங்கவில்லை. 'உன் மிகச் சிறந்த வேலைக்குப் பிறகா?' என்றார். கடைசி மூன்று வருடம் கயிறுதான் விற்றேன். பொய்யை உண்மையாக்கினேன். யாருக்கும் தேவைப்படாத உண்மை.

சடங்கு நாளன்று வீடு திரும்பும்போது தவம் காருக்குள் ஊதாச் சேலையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சேர்த்துக்கொண்டு வந்தாள். கயிறு என்று சொன்னதைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன். வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ. அடிக்கேக்கை நான் அந்தப் புல்லிலை நிண்டது உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"இல்லையப்பா. நான் கடலைப் பாத்துக்கொண்டெல்லே நிண்டனான்."

"ம்."

கதவைத் திறந்தாள். அவ்வளவுதான். சண்டை இல்லை. சமைக்கிறாள், தட்டைப் போட்டு மூடி வைக்கிறாள், வளர்ந்து தனியே போய்விட்ட எங்கள் மகளின் அறையில் படுக்கிறாள். நான் வெளியே போனால் எங்கே என்று கேட்பதில்லை. நான் சொல்கிற எதையும் கேட்கத் தேவையில்லாத ஒரு இடத்துக்கு அவள் போய்விட்டாள்.

இப்போது அந்தக் கோப்பை வகுப்பில் பிரதி எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒன்பதாவது வரிக்கு வந்தால் எல்லாரும் கவனமாக வாசிப்பார்கள், ஸ்வென் அதற்குத்தான் அதிகம் முக்கியத்துவம் கொடுத்தவர். 'முழுச் சுற்றும் பார்க்கப்பட்டது: ஆம். நேரம் 16.07.' பக்கத்தில் என் கையெழுத்து.

பார்த்தேன். விசைக்கு விரல் போகும் முன், படிப்பித்தபடி, நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தேன். கடல், ஸ்வென், மண்டப விளக்கு, சனம், புல்தரை. ஊதாச் சேலை. பிள்ளையின் கை அவள் கைக்குள்.